திரையின் முதுகில் எழுதியிருப்பது

மடிக்கணினித் திரை உடைந்துவிட்டது என்று யாரிடம் சொன்னாலும் "என்ன மாடல்?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்லித்தான் பலர் பொருந்தாத திரையை வாங்குகிறார்கள். ஒரே மாடல் பெயரில் விற்ற கணினிகளுக்குள் வெவ்வேறு நிறுவனங்களின் திரைகள் இருப்பது இந்தத் தொழிலில் சாதாரணம். மூடியின் மேல் ஒரு பெயர் மின்னும். உள்ளே படத்தைக் காட்டும் பேனலை ஏயூஓ, பிஓஇ, எல்ஜி டிஸ்ப்ளே, இன்னோலக்ஸ், ஷார்ப் என்று வேறு யாராவது செய்திருப்பார்கள். நான் பிழைப்புக்கு மெய்ப்புத் திருத்துகிறவள். அட்டையில் ஒருவர் பெயரும் உள்ளே இன்னொருவர் எழுத்தும் இருப்பது எனக்குப் புதிதல்ல.

என் திரை உடைந்த கதை நீளமானதல்ல. எது திறந்து கிடந்தாலும் மூடி வைக்கிற நல்ல பழக்கம் என் தங்கை மகளுக்கு உண்டு. மேசையில் மடிக்கணினி திறந்திருந்தது, மூடினாள். விசைப்பலகையின் ஓரத்தில் அவளுடைய பென்சில் சீவி இருந்தது. "பெரியம்மா, ஒரு சத்தம் கேட்டது" என்று அவளே வந்து சொன்னாள். திறந்து பார்த்தால், கீழ் இடது மூலையிலிருந்து இரண்டு கோடுகள் கிளைத்து மேலே ஓடியிருந்தன. மூலையில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு கறுப்புத் திட்டு.

பென்சில் சீவி அளவுக்குப் பெரிய பொருள்கூடத் தேவையில்லை என்பதைப் பிறகு படித்தேன். கேமரா மேல் ஒட்டும் மூடியை அப்படியே விட்டு மேக்புக்கை மூடினால் திரை சேதமடையலாம் என்று 2020 ஜூலையில் ஆப்பிள் எச்சரித்தது. ஒட்டியே ஆகவேண்டும் என்றால் 0.1 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாதாம். சாதாரண அச்சுத் தாளின் தடிமன் அது.

தங்கை மகள் விரலால் தடவிப் பார்த்தாள். மேற்பரப்பு வழுவழுப்பாகவே இருந்தது. "கண்ணாடி உடையவே இல்லையே, பெரியம்மா?"

நியாயமான சந்தேகம். தொடுதிரை அல்லாத பெரும்பாலான மடிக்கணினிகளில் நாம் தொடுவது கண்ணாடியே அல்ல. கண்ணாடியின் மேல் ஒட்டியிருக்கும் போலரைசர் என்ற பிளாஸ்டிக் தாள். ஒளியை ஒரே தளத்தில் மட்டும் அதிரவிடுவது அதன் வேலை. அதன் கீழே, ஒவ்வொன்றும் அரை மில்லிமீட்டரோ அதற்கும் குறைவோ தடிமன் உள்ள இரண்டு கண்ணாடித் தகடுகள். முன்தகட்டில் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள். பின்தகட்டில் ஒவ்வொரு வண்ணப் புள்ளிக்கும் ஒரு டிரான்சிஸ்டர். 1920க்கு 1080 என்ற அளவுள்ள திரையில் இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட பிக்சல்கள், அதாவது படப்புள்ளிகள். ஒவ்வொன்றிலும் மூன்று நிறம் என்றால் 62 லட்சம் டிரான்சிஸ்டர்கள். இரண்டு தகடுகளுக்கும் நடுவில் சில மைக்ரான் இடைவெளி. தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட இராது. அந்த இடைவெளியில்தான் திரவப் படிகம் நிறைந்திருக்கிறது.

திரவப் படிகத்தைக் கண்டவர் மின்னணுவியலாளர் அல்ல, தாவரவியலாளர் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. 1888இல் பிராக் நகரில் ஃபிரீட்ரிக் ரைனிட்சர், கேரட்டிலிருந்து எடுத்த கொலஸ்ட்ராலைக் கொண்டு செய்த ஒரு பொருளைச் சூடாக்கிக்கொண்டிருந்தார். 145.5 டிகிரி செல்சியஸில் உருகிக் கலங்கலாக நின்றது, 178.5 டிகிரியில் திடீரென்று தெளிந்தது. ஒரு பொருளுக்கு எப்படி இரண்டு உருகுநிலை இருக்க முடியும் என்று அவர் குழம்பினார். கேரட்டில் தொடங்கிய அந்தக் குழப்பத்தின் வாரிசைத்தான் நான் நாள் முழுதும் உற்றுப் பார்த்துச் சந்திப்பிழை தேடுகிறேன்.

கண்ணாடித் தகடு விரிசல்விட்டதும் அந்த இடைவெளியின் சீர்மை கெட்டுப்போகிறது. காற்று நுழைகிறது, படிகம் இடம்பெயர்கிறது. அங்கே ஒளியைத் திருப்பிவிட ஆளில்லை. திட்டு உண்டாவது அதனால்தான். கண்ணாடி மேல் ஓடும் மின்பாதைகள் அறுந்த இடங்களில் மேலிருந்து கீழாகவோ குறுக்காகவோ வண்ணக் கோடுகள் நிற்கும். ஆகவே பற்பசை தடவு, பிசின் ஊற்று என்று உலவும் வைத்தியங்களில் ஒன்றுகூட உதவாது. அவை மேலே இருக்கும் பிளாஸ்டிக் தாளுக்குச் செய்யும் சிங்காரம். உள்ளே உடைந்த கண்ணாடி ஒட்டாது. பேனலை மாற்றுவது ஒன்றே வழி.

மாற்றுவதற்கு முன் உடைந்தது பேனல் மட்டும்தானா என்று உறுதிசெய்துகொண்டேன். வெளித்திரை ஒன்றை இணைத்தேன்; படம் சுத்தமாக வந்தது. கணினியின் மற்ற பகுதிகள் நலம். விரிசலே இல்லாமல் திரை மட்டும் தகராறு செய்கிறவர்கள் இன்னும் சிலவற்றைப் பார்க்க வேண்டும். மூடியைச் சாய்க்கும் கோணத்தைப் பொறுத்துப் படம் வந்து போனால், கீல் வழியாகப் போகும் கேபிள் மேல் சந்தேகப்பட வேண்டும். திரை கறுப்பாக இருந்தாலும் டார்ச் அடித்துப் பார்த்தால் படம் மங்கலாகத் தெரிகிறது என்றால், திரைக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் தரும் பின்னொளிதான் போயிருக்கிறது. டெல் மடிக்கணினிகளில் டி விசையை அழுத்திக்கொண்டே மின்விசையை அழுத்தினால், திரை தானாகவே வெவ்வேறு நிறங்களை நிரப்பித் தன்னைச் சோதித்துக்கொள்ளும். விண்டோஸுக்கும் அதற்கும் தொடர்பில்லை என்பதால் குற்றவாளி மென்பொருளா திரையா என்பது உடனே தெரிந்துவிடும்.

வேலை நிற்கக் கூடாது. வெளித்திரையை வைத்தே ஒரு சிறுகதைத் தொகுப்பை முடித்துக் கொடுத்தேன். உடைந்த மூடியை ஒரே கோணத்தில் நிறுத்திவிட்டு, விரிசல் மேல் ஒட்டுநாடா ஒட்டி, அதை யாரும் அசைக்கக் கூடாது என்று அறிவித்தேன். திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் மூடி சற்று வளைகிறது. வளையும்போது விரிசல் நீள்கிறது. அறிவிப்பை மீறித் தங்கை ஒருமுறை தூசி தட்டினாள். திட்டு வளர்ந்தது.

சேவை மையத்தில் "மூடியோடு சேர்த்து முழுவதையும்தான் மாற்ற முடியும்" என்றார்கள். சில கணினிகளுக்கு அது உண்மைதான். மேக்புக்குகளில் திரை, மூடி, கீல் எல்லாம் ஒரே தொகுதியாகத்தான் மாற்றுவார்கள். மேலே கண்ணாடி ஒட்டிய தொடுதிரைகள் பலவற்றில் அந்தக் கண்ணாடியும் பேனலும் நடுவில் காற்றே இல்லாமல் பிணைக்கப்பட்டிருக்கும். வீட்டில் அவற்றைப் பிரிக்க முயல்வது வீண். என்னுடையது இரண்டும் அல்ல. 15.6 அங்குலம், மங்கல் பூச்சு, தொடுதிரை இல்லை, சுற்றிலும் பிளாஸ்டிக் சட்டம். அந்தக் கணினியின் பராமரிப்புக் கையேட்டைத் தயாரிப்பாளரே இணையத்தில் வைத்திருக்கிறார். அதில் பேனலைத் தனியாகக் கழற்றுவதற்கு ஒரு முழு அத்தியாயமே இருந்தது. கையேட்டைப் படித்துவிட்டேன் என்று சேவை மையத்தில் சொல்லவில்லை. சொல்லியும் என்ன ஆகப் போகிறது?

இனி எண்ணின் கதை. இதில்தான் அதிக நேரம் செலவழித்தேன், செலவழித்ததில் வருத்தமில்லை.

உடைந்த பேனலின் கண்ணாடிதான் உடைந்திருக்கிறது. அதன் அடிவிளிம்பில் இருக்கும் சிறிய மின்சுற்று உயிரோடுதான் இருக்கும். அந்தச் சுற்றில் பேனலின் அடையாள விவரங்கள் பதிந்திருக்கின்றன. கணினி இயங்கத் தொடங்கும்போது அவற்றை வாங்கிப் படித்துக்கொள்கிறது. ஆகையால் ஒரு திருகாணியைக்கூடத் தொடாமல் பேனலிடமே அதன் பெயரைக் கேட்கலாம். விண்டோஸில் சாதன மேலாளரைத் திறந்து, திரை என்ற பிரிவில் வன்பொருள் அடையாளத்தைப் பார்த்தால், மூன்று எழுத்தும் அதை அடுத்து நான்கு இலக்கக் குறியும் கிடைக்கும். ஏயூஓ என்றால் ஏயூ ஆப்ட்ரானிக்ஸ். எல்ஜிடி என்றால் எல்ஜி டிஸ்ப்ளே. சிஎம்என் என்று வந்தால் விழிக்க வேண்டாம். அது இன்னோலக்ஸ், பழைய சி மெய் நிறுவனப் பெயரின் எச்சம். என்னுடையது பிஓஇ என்று தொடங்கியது.

இது உத்தேசத் தகவல். முழு எண் பேனலின் முதுகில் ஒட்டிய சீட்டில் இருக்கும். அதைப் படிக்கத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. ஏயூஓ பேனல் பி156எச்ஏஎன் என்று தொடங்கினால், 156 என்பது 15.6 அங்குலம், எச் என்பது 1920க்கு 1080, ஏஎன் என்பது பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் நிறம் மாறாத வகை. அதே இடத்தில் எக்ஸ்டிஎன் என்றிருந்தால் 1366க்கு 768, அதுவும் சாய்த்துப் பார்த்தால் வெளுத்துப்போகும் வகை. பிஓஇயின் என்வி156எஃப்எச்எம், எல்ஜியின் எல்பி156டபிள்யூஎஃப் எல்லாம் இதே கதைதான். முதல் பகுதி ஒத்திருந்தால் போதும் என்று விற்பவர்கள் சொல்வார்கள். போதாது. அதன் பின்னால் எழுதியிருக்கும் சில குறிகளில்தான் வில்லங்கம் ஒளிந்திருக்கிறது. நிறச் செறிவு, பிரகாசம், திருகாணி மாட்டும் காது உண்டா இல்லையா எல்லாம் அங்கே மாறும்.

காது என்றேனே, அது பெரிய விஷயம். பழைய பாணி 15.6 அங்குலப் பேனல்களில் ஓரங்களில் உலோகக் காதுகள் நீட்டிக்கொண்டிருக்கும்; அகலம் சுமார் 360 மில்லிமீட்டர். பிற்காலத்தில் வந்த ஒல்லிச் சட்டப் பேனல்களில் காது கிடையாது. அகலம் சுமார் 350. பார்க்கும் பரப்பு ஒன்றேதான், ஆனால் ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் மற்றொன்று உட்காராது. அடுத்து கனெக்டர். நொடிக்கு 60 முறை படத்தைப் புதுப்பிக்கும் (60 ஹெர்ட்ஸ்) முழு எச்டி பேனல்களுக்கு, அதாவது 1920க்கு 1080 அளவுள்ளவற்றுக்கு, பெரும்பாலும் 30 ஊசி. அதைவிட நான்கு மடங்கு பிக்சல் கொண்ட 4கே, அதிக வேகப் புதுப்பிப்பு, பேனலுக்குள்ளேயே தொடு உணரி உள்ளவை பெரும்பாலும் 40 ஊசி. ஊசி எண்ணிக்கை ஒன்றானாலும் கனெக்டர் இடது ஓரத்தில் இருக்கிறதா வலது ஓரத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கேபிளில் உபரி நீளம் இருக்காது.

எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியம் நிறச் செறிவு. திரை எவ்வளவு நிறங்களைக் காட்டும் என்பதற்கு என்டிஎஸ்சி ஓர் அளவுகோல்; மலிவான பேனல்கள் 45 சதவீத என்டிஎஸ்சி என்று குறிப்பிடப்பட்டிருக்கும். அதில் சிவப்பு செங்கல் நிறமாகத் தெரியும். 72 சதவீதம் என்றால் ஏறக்குறைய முழு எஸ்ஆர்ஜிபி, அதாவது கணினித் திரைகளுக்கான பொதுவான நிற வரம்பு. மெய்ப்புத் திருத்துவதற்கு நிறம் எதற்கு என்று தங்கை கேட்டாள். ஆசிரியர், பதிப்பாளர், வடிவமைப்பாளர் என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு நிறத்தில் குறிப்பெழுதிய கோப்பை அவள் பார்த்ததில்லை. இருந்த பேனலை விட ஒரு படி நல்லதாக, அதே அகலம், அதே 30 ஊசி, அதே ஓரம் என்று தேடிப் பிடித்தேன். உடைந்ததில் கிடைத்த லாபம் இது ஒன்றுதான்.

கழற்றுவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, பேட்டரியைத் தவிர. சார்ஜரைப் பிடுங்கிவிட்டு அணைத்தால் போதும் என்று நினைக்கக் கூடாது. உள்ளே பேட்டரி இணைந்திருக்கும்வரை, திரைக் கனெக்டரில் பின்னொளிக்கான மின்சாரம் வந்து நிற்க வாய்ப்புண்டு. செருகும்போது கேபிள் கொஞ்சம் கோணலானாலும் பக்கத்து ஊசியோடு உரசி, தாய்ப்பலகையில் அரிசி அளவுகூட இல்லாத ஒரு ஃபியூஸ் எரிந்துபோகும். பிறகு புதிய திரையிலும் இருட்டுதான். லெனோவோவின் திங்க்பேட் வரிசையில் உள் பேட்டரியைப் பயாஸிலிருந்தே, அதாவது விண்டோஸுக்கு முன் ஓடும் அடிப்படை மென்பொருளிலிருந்தே, துண்டிக்க ஒரு வசதி இருக்கிறது. சார்ஜரைச் செருகும்வரை அது துண்டித்தபடியே இருக்கும். எனக்கு அந்த வசதி இல்லை. அடிப்பலகையைக் கழற்றி, பேட்டரியின் இணைப்பைப் பிடுங்கினேன்.

திருகாணிகளை எடுத்த இடத்தின் வரைபடத்தின் மேலேயே வைப்பது நல்லது. கீலின் அருகே நீளமானவையும் மற்ற இடங்களில் குட்டையானவையும் இருந்தன. நீளமானதைக் குட்டையின் இடத்தில் முடுக்கினால் பேனலின் முதுகில் குத்தும். சட்டம் கொக்கிகளால் மாட்டியிருந்தது. நகத்தை உள்விளிம்பில் நுழைத்து, நடுவிலிருந்து மூலை நோக்கிப் போனால் வரிசையாக விடுபடும். ஒவ்வொரு கொக்கியும் முறிவதுபோலவே சத்தமிடும், ஆனால் முறியாது. தங்கை மகள் ஒவ்வொரு சத்தத்துக்கும் என் முகத்தைப் பார்த்தாள்.

காதில்லாத பேனல்களை இரு பக்கமும் பேனலுக்கு அடியில் ஓடும் இழுநாடா பிடித்திருக்கும். அதன் நுனியைப் பிடித்து, மேல்நோக்கி அல்ல, கூடியவரை தட்டையாக, அவசரப்படாமல் இழுக்க வேண்டும். இழுக்க இழுக்க நீண்டு, ஒட்டும் தன்மையை இழந்து வெளியே வந்துவிடும். அறுந்துவிட்டால் முடி உலர்த்தியின் மிதமான சூடு உதவும். எனக்கு ஒரு பக்கம் முழுசாக வந்தது, மறுபக்கம் பாதியில் அறுந்தது. உடைந்த பேனலாயிற்றே என்பதால் அங்கே கொஞ்சம் முரட்டுத்தனம் காட்ட முடிந்தது. நல்ல பேனலைக் கழற்ற வேண்டியிருந்தால் கை நடுங்கியிருக்கும்.

பேனலை விசைப்பலகைமேல் துணி விரித்துக் கவிழ்த்துப் படுக்க வைத்தால் கேபிள் தெரியும். ஒட்டுநாடாவை உரித்து, கனெக்டரின் மெல்லிய உலோகப் பிடியை நிமிர்த்தி, பலகைக்கு இணையாகப் பின்னுக்கு இழுக்க வேண்டும். மேலே தூக்கினால் ஊசிகள் போய்விடும். புதியதை இதே வழியில் நேராகத் தள்ளிப் பிடியை மடித்தேன். ஓரங்களை மட்டும் பிடிக்க வேண்டும், நடுவில் விரல் அழுந்தக் கூடாது. காப்புத் தாளை உரிக்கவில்லை, சட்டத்தை மாட்டவில்லை. முதலில் பேட்டரியை இணைத்து ஒளி வருகிறதா என்று பார்த்தேன். வந்தது.

அடுத்தது சோதனை. முழு வெள்ளை, முழு கறுப்பு, பிறகு மூன்று நிறங்கள். வெள்ளையில் இருண்ட புள்ளி, கறுப்பில் ஒளிரும் புள்ளி, ஓரங்களில் ஒளிக்கசிவு ஆகியவற்றைச் சட்டம் மாட்டுவதற்கு முன்பே தேட வேண்டும். மாட்டிய பிறகு திருப்பி அனுப்ப மனம் வராது. சில செத்த பிக்சல்கள் இருப்பது குறையே அல்ல என்பது தொழிற்சாலைகளின் கணக்கு. 2001இல் வந்த ஐஎஸ்ஓ 13406-2 தரநிலையின் இரண்டாம் வகுப்பில், பத்து லட்சம் பிக்சலுக்கு எப்போதும் இருண்டவை இரண்டு இருக்கலாம். அப்படியானால் என் திரைக்கு நான்கு. 2008இல் அந்தத் தரநிலையின் இடத்துக்கு ஐஎஸ்ஓ 9241-307 வந்தபோதும் வகுப்புப் பிரிவினை தொடர்ந்தது.

அந்தக் கணக்கைத் தமிழ் படிக்காத யாரோ போட்டிருக்கிறார்கள். 15.6 அங்குல முழு எச்டி திரையில் ஒரு பிக்சல் 0.18 மில்லிமீட்டர். அது இருண்டுபோய், வரியின் தலைக்கு மேல் வந்து உட்கார்ந்தால், அதற்கு மெய்யெழுத்தின் புள்ளி என்று பெயர். படம் பட்ம் ஆகிவிடும். நான் புள்ளியை அழிக்கப் பார்ப்பேன், அது அழியாது, நான் பக்கத்தை நகர்த்துவேன், அது நகராமல் அடுத்த சொல்லைக் கெடுக்கும். முன்பொரு வெளித்திரையில் இதை அனுபவித்திருக்கிறேன். எனவே புதிய பேனலை வெள்ளைப் பின்னணியில், அறையின் விளக்கை அணைத்து, மூலை மூலையாகப் பார்த்தேன். தூசி என்று தெரியாமல் ஒரு புள்ளியை வெகுநேரம் சந்தேகித்தேன். தங்கை மகள் ஊதினாள், போய்விட்டது.

காப்புத் தாளை உரித்து, புதிய இழுநாடாவை ஒட்டி, சட்டத்தைச் சுற்றிலும் அழுத்தியபோது முன்பு கேட்ட சத்தமெல்லாம் தலைகீழ் வரிசையில் கேட்டது.

வேறு நிறுவனத்தின் பேனல் என்பதால் சில்லறைத் தொல்லைகள் இருந்தன. பழைய பேனலுக்கென்று கணினியில் ஒரு வண்ணக் கோப்பு இருந்தது. அது புதியதன் மேல் ஏறிக்கொண்டு எல்லாவற்றையும் நீலம் பூசிக் காட்டியது, நீக்கியதும் சரியானது. பிரகாசத்தின் கடைசிப் படி முன்பைவிட இருட்டு. இரவில் வேலை செய்யும் எனக்கு அது வசதி, தங்கைக்கு அது "கண்ணைக் கெடுக்கும் வேலை". அவளிடம் வாதிடுவதில்லை.

பழைய பேனலைப் பிரித்துப் பார்க்கத் தங்கை மகள் ஆசைப்பட்டாள். உள்ளே விளக்கென்று இருப்பது கீழ்விளிம்பில் ஒரு வரிசை எல்இடி மட்டுமே. மீதி எல்லாம் அந்த ஒளியைப் பரப்பும் வித்தை: கண்ணாடிபோல் தெளிந்த ஒரு பிளாஸ்டிக் பலகை, அதன் பின்னால் வெள்ளைத் தாள், முன்னால் ஒளியைச் சமன்படுத்தும் மெல்லிய தாள்கள். எல்இடிக்கு முந்தைய காலத்துத் திரைகளில் அந்த இடத்தில் பாதரசம் உள்ள மெல்லிய குழல்விளக்கு இருக்கும். அப்படிப்பட்டதைப் பிரிக்கவே விட்டிருக்க மாட்டேன். தெளிந்த பலகையைப் படம் பிரதியெடுக்க அவள் எடுத்துக்கொண்டாள். விரிசல்விட்ட கண்ணாடியைச் செய்தித்தாளில் சுற்றி, புதியது வந்த அட்டைப்பெட்டியிலேயே வைத்து, மேலே "உடைந்த கண்ணாடி" என்று பெரிய எழுத்தில் எழுதினேன். மின்கழிவு எடுப்பவர் வரும்வரை பெட்டி அலமாரியின் மேல்தட்டில் இருந்தது. அந்த உயரத்துக்கு அவள் கை எட்டாது, தங்கையின் தூசித் துணியும் எட்டாது.